அப்புச்சியின் அம்பாசடர் மீண்டும் ஓட: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழி

கோபி, அந்தியூர், காங்கேயம், உடுமலை என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதோ ஒரு தோட்டத்துச் சாளையில் (தோட்டத்துக் கொட்டகையில்) தார்ப்பாய் போர்த்திய அம்பாசடர் நிற்கிறது. ஓட்டியவர் தளர்ந்திருப்பார், அல்லது காலமாகியிருப்பார். விற்க மனம் வராமல் வீட்டார் வைத்திருப்பார்கள். எங்கள் அப்புச்சியின், அதாவது அம்மாவுடைய அப்பாவின், மார்க் 3 வண்டியும் அப்படி நின்றதுதான். அது ஓடத் தொடங்கிய பிறகு மாமன் வீட்டு வண்டி, பங்காளி வீட்டு வண்டி என்று ஒவ்வொன்றாக என்னிடம் வந்தன. வண்டிகள் வேறு, கோளாறுகள் அதே கோளாறுகள். அவற்றை அறிகுறி வாரியாக, செலவு குறைந்த காரணத்திலிருந்து செலவு மிகுந்த காரணம் வரை இங்கே எழுதுகிறேன்.

இது 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் உள்ள வண்டிக்கு. இசுசு எஞ்சின், டீசல் எஞ்சின் வண்டி வைத்திருப்பவர்களுக்கு பிரேக், பாடி, ஆவணம் பற்றிய பகுதிகள் மட்டும் பொருந்தும்.

வேலையைத் தொடங்குமுன், வண்டியை ஓட்டியவர் இருக்கிறார் என்றால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேளுங்கள். "திம்பம் ஏறும்போது இழுக்காது கண்ணு, சோக்கைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் ஏறிவிடும்" என்று எங்கள் அப்புச்சி சொன்னார். சோக் என்பது எஞ்சினுக்குப் போகும் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் இழுகம்பி. அதை இழுத்தால் ஏறுகிறது என்றால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல் கோளாறு இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. கெடாத பாகத்தை மாற்றுவதில்தான் பெரும்பாலான வீடுகளில் பணம் கரைகிறது. அதைத் தடுக்க இந்தப் பேச்சைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை.

கருவிகளில் ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன். இந்த வண்டியின் நட்டுகள் அங்குல அளவு. மில்லிமீட்டர் ஸ்பானரை மாட்டித் திருகினால் முனை மழுங்கிவிடும். அதன் பிறகு உளிதான் கதி. அங்குல அளவில் வரும் ஏ.எஃப். ஸ்பானர் செட் ஒன்றை வாங்கிவிடுங்கள். கூடவே மல்டிமீட்டர், இடைவெளி அளக்கும் ஃபில்லர் கேஜ், பிளக் ஸ்பானர், வண்டியைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டுகள் வேண்டும். ஹாலோ பிளாக் கல்லை வண்டிக்கு முட்டுக் கொடுக்காதீர்கள். அது சொல்லாமல் நொறுங்கும்.

## பல வருடம் நின்ற வண்டி: சாவியைத் திருப்புமுன்

ஆசையில் புது பேட்டரியை மாட்டி நேராக ஸ்டார்ட்டரை அழுத்தக் கூடாது. உள்ளே பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் துருப்பிடித்துச் சிலிண்டரோடு ஒட்டியிருக்கலாம்.

நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு ஓர் இரவு விடுங்கள். காலையில் கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முன்பக்கத்தில் ஹேண்டில் போட்டுக் கையால் சுற்றுங்கள்.

தாராளமாகச் சுற்றுகிறது என்றால் பழைய ஆயிலை வடித்து, ஃபில்டரை மாற்றி, 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றுங்கள். புது வண்டிகளுக்கு விற்கும் மெல்லிய ஆயில் இந்த எஞ்சினுக்கு ஆகாது.

அசையவில்லை என்றால் வலுக்கட்டாயம் செய்யாதீர்கள். துரு இளக்கும் எண்ணெயை விட்டு நாள்கணக்கில் ஊறவிட்டு, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைத்துப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள். சிலிண்டர்களுக்கு மூடியாக உள்ள ஹெட்டைக் கழற்ற வேண்டியிருக்கும்.

ஏர் ஃபில்டரையும் சைலன்சர் வாயையும் பார்க்க மறக்க வேண்டாம். தோட்டத்தில் நின்ற வண்டி என்றால் எலி பஞ்சும் வைக்கோலும் கொண்டுவந்து கூடு கட்டியிருக்கும். எஞ்சினை முதல்முறை ஓடவிடும்போது சாளைக் கதவுகள் திறந்தே இருக்க வேண்டும். புகை உள்ளே தேங்கினால் உயிருக்கு ஆபத்து.

## அறிகுறி: ஸ்டார்ட் ஆகவில்லை

### ஸ்டார்ட்டர் சுற்றவே இல்லை, அல்லது இழுத்து இழுத்துச் சுற்றுகிறது

முதலில் பேட்டரி. மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2க்குக் கீழே என்றால் சார்ஜ் போட்டுவிட்டு மேற்கொண்டு பாருங்கள். பேட்டரி முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, உரசிச் சுத்தம் செய்து இறுக்குங்கள்.

வேறு வண்டியிலிருந்து வயர் போட்டு ஸ்டார்ட் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில பழைய வண்டிகளில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். எந்த முனை பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்க்காமல் வயரைக் கொடுக்காதீர்கள்.

பேட்டரி நன்றாக இருந்தும் இழுத்துச் சுற்றினால் எர்த் பட்டையைச் சந்தேகியுங்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மின்சாரம் பாடிக்குத் திரும்பிவர ஒரு பின்னல் பட்டை மட்டுமே வழி. அது துருவேறி அற்றுப்போனால் மின்சாரம் வேறு பாதை தேடும். இதைக் கண்டுபிடிக்க மீட்டர்கூட வேண்டாம். ஒருவர் ஸ்டார்ட்டரைச் சில விநாடி இயக்கட்டும், நீங்கள் சோக் கம்பியின் உறையைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், சில வேளை உறையிலிருந்து லேசான புகையே வந்தால், ஸ்டார்ட்டருக்குப் போக வேண்டிய மின்சாரம் முழுக்க அந்த மெல்லிய கம்பி வழியாக ஓடிக்கொண்டிருக்கிறது. உடனே நிறுத்துங்கள். புதுப் பட்டை ஒன்று போட்டால் தீர்ந்தது. ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டது என்று கழற்றி, காயில் கட்டக் கொடுத்துவிட்ட பல வண்டிகளில் உண்மைக் கோளாறு இந்தப் பட்டைதான்.

"டக்" என்று ஒரு சத்தம், பிறகு அமைதி என்றால் ஸ்டார்ட்டர் பல் ஃபிளைவீலில் சிக்கியிருக்கலாம். பழைய வகை ஸ்டார்ட்டரின் பின்முனையில் சதுரமான தண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். இக்னிஷனை அணைத்துவிட்டு அதை ஸ்பானரால் திருப்பினால் பல் விடுபடும். அடிக்கடி இப்படி ஆகிறது என்றால் ஸ்டார்ட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். பிரஷ், புஷ் தேய்மானம் என்றால் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.

### நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

இரண்டே கேள்விகள்: நெருப்பு இருக்கிறதா, பெட்ரோல் வருகிறதா?

நெருப்பு: பிளக் ஒன்றைக் கழற்றி, அதன் வயரை மாட்டி, எஞ்சின் பிளாக்கின் மேல் கிடத்திவிட்டுச் சுற்றுங்கள். பிளக் குழியிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், ஆகவே பொறியை அதன் அருகில் வைக்க வேண்டாம். நீல நிறத்தில் "சட் சட்" என்று பொறி விழுந்தால் சரி. மஞ்சளாக, மெலிதாக விழுந்தால் அல்லது விழவே இல்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள்:

1. பாயிண்ட், அதாவது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனைகள். நின்ற வண்டியில் பாயிண்ட் முகங்களில் மெல்லிய படலம் படிந்துவிடும். நைஸ் எமரித் தாளால் தேய்த்து, பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்து, இடைவெளியை 0.38 மி.மீ. வையுங்கள். பாதி வண்டிகள் இதிலேயே பிடித்துவிடும்.
2. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் மயிரிழை வெடிப்பு, உள்ளே ஈரம், ரோட்டாரில் கரி.
3. பிளக் வயர்களின் வரிசை. 1-3-4-2, மேலிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த்திசை. யாரோ துடைத்துவிட்டு மாற்றிச் செருகியிருப்பார்கள். சைலன்சரில் வெடிச் சத்தம் கேட்டால் முதலில் இதைப் பாருங்கள்.
4. கண்டென்சர், பாயிண்டோடு இணைந்த சிறு உருளை. பாயிண்ட் முகம் சீக்கிரமே கருகிப் பள்ளம் விழுகிறது என்றால் குற்றவாளி இது.
5. காயில், பொறிக்கு உயர் மின்னழுத்தம் தருவது. இதைக் கடைசியாக.

பெட்ரோல்: டேங்கில் இருப்பது பழைய பெட்ரோல் என்றால் பம்ப், கார்பரேட்டர் எதையும் தொடுமுன் அதை வெளியேற்றுங்கள். திறந்த வெளியில், பேட்டரியைக் கழற்றிவிட்டு, தீப்பொறி எதுவும் அருகில் இல்லாத இடத்தில். வடித்ததைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் தனிப் படலமாக ஒன்று பிரிந்து நின்றால் அது தண்ணீரை இழுத்துக்கொண்ட எத்தனால். அதற்கும் அடியில் காவி நிறத்தூள் படிந்தால் டேங்க் துருப்பிடித்திருக்கிறது. இன்று பங்க்கில் கிடைக்கும் இ20 பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயஃப்ரமையும் உப்பவைக்கும், பிசுபிசுக்க வைக்கும். ஆகவே மீட்டெடுக்கும் வண்டியில் பெட்ரோல் ஹோஸ் முழுவதையும் எத்தனாலைத் தாங்கும் வகையாக மாற்றிவிடுங்கள். செலவு சொற்பம். விட்டுவைத்தால் சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் சொட்டும். வண்டி மாதக்கணக்கில் நிற்கப் போகிறது என்றால் பெட்ரோலை வடித்துவிட்டு நிறுத்துங்கள்.

அடுத்து, கார்பரேட்டருக்கு வரும் ஹோஸைக் கழற்றிப் பாட்டிலில் விட்டு, ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். விட்டு விட்டுப் பீய்ச்ச வேண்டும். வரவில்லை என்றால் பம்ப் வடிகட்டி, பிறகு டயஃப்ரம். பாட்டிலில் வருகிறது, எஞ்சினுக்குப் போகவில்லை என்றால் கார்பரேட்டரின் ஃப்ளோட் அறையில் பெட்ரோலைத் திறந்து மூடும் ஊசி ஒட்டியிருக்கும். ஸ்பானர் பிடியால் அறையின் மேல் மெல்லத் தட்டினாலே சில வேளை விடுபடும். எஸ்.யு. கார்பரேட்டர் என்றால் மேலே உள்ள பித்தளை மூடியைத் திருகி எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். அது வற்றினால் ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் எஞ்சின் மூச்சு முட்டும்.

டேங்கின் உட்புறம் செதில் செதிலாக உரிந்தால் கழற்றி ரேடியேட்டர் பட்டறையில் கொடுங்கள். பெட்ரோல் டேங்கில் வீட்டில் வெல்டிங் வைக்க ஒருபோதும் முயல வேண்டாம்.

## அறிகுறி: அரை மணி நேரம் ஓடி நிற்கிறது, ஆறியதும் ஓடுகிறது

சித்திரை வெயிலில் பல்லடம், தாராபுரம் சாலையில் போகும்போது இந்தக் கோளாறு தலைகாட்டும். இதற்கு மூன்று காரணங்கள். எதுவென்று நின்ற அந்த இடத்திலேயே பார்த்தால்தான் தெரியும். வீட்டுக்கு இழுத்து வந்துவிட்டால் வண்டி சாதுவாக ஓடும்.

நின்றவுடன் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைந்திருக்கிறது. ஊசியால் குத்தி விடுங்கள்.

அடுத்து பிளக்கில் பொறி பாருங்கள். சூட்டில் பொறி இல்லை, ஆறியதும் இருக்கிறது என்றால் கண்டென்சர் அல்லது காயில். விலை குறைந்த கண்டென்சரை முதலில் மாற்றுங்கள்.

பொறி இருக்கிறது, ஃப்ளோட் அறையில் பெட்ரோல் இல்லை என்றால் பைப்பில் பெட்ரோல் ஆவியாகித் தடுக்கிறது. ஈரத் துணியைப் பம்ப்பின் மேல் போட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தால் ஓடும். நிரந்தரத் தீர்வுக்கு, பைப் சைலன்சர் பக்கமாக உரசிப் போகிறதா என்று பார்த்து விலக்கிக் கட்டுங்கள்.

## அறிகுறி: மலை ஏறும்போது சூடேறுகிறது

பர்லியாறு வழியாகக் குன்னூர், ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறை, 27 வளைவுகள் ஏறித் திம்பம் என்று நம் ஊரைச் சுற்றி மூன்று பக்கமும் மலைதான். சமவெளியில் சாதுவாக ஓடும் ரேடியேட்டரின் குறை அங்கேதான் வெளிப்படும்.

முள் சிவப்பைத் தொட்டால் ஓரம் கட்டி நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். கை வைக்கும் அளவு ஆறிய பிறகு மட்டுமே திறக்க வேண்டும். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கக்கூடும்.

பார்க்க வேண்டியவை, செலவு ஏறும் வரிசையில்:

தண்ணீர் மட்டம், ஹோஸ் கசிவு. ஃபேன் பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் உள்வாங்கலாம், அதற்கு மேல் என்றால் தளர்வு. ரேடியேட்டர் முன்முகத்தில் பூச்சியும் தூசியும் அடைத்திருந்தால் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். மூடியின் ரப்பர் வாஷர் கல்லாகியிருந்தால் மாற்றுங்கள். இக்னிஷன் டைமிங் (பொறி விழும் நேரம்) பின்தங்கியிருந்தாலும் சூடேறும், வண்டி மந்தமாகவும் இழுக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டு, அதில் பொறித்திருக்கும் வெப்பநிலையில் திறக்கிறதா என்று பாருங்கள். திறக்காவிட்டால் புதிது போடுங்கள். எறிந்துவிட்டு ஓட்டுவது தீர்வல்ல.

இவ்வளவும் சரியாக இருந்தும் சூடேறுகிறது என்றால் நம் பக்கத்தில் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஆழ்துளைக் கிணற்றின் போர் தண்ணீர். தோட்டத்துக் குழாயில் வரும் உப்புத் தண்ணீரையே வருடக்கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றியிருப்பார்கள். கொதிக்கும் பாத்திரத்தில் படிவதுபோல் அந்தச் சுண்ணாம்பு உள்ளே குழாய் குழாயாகப் படிந்திருக்கும். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். செப்புக் குழாய்களின் வாய் தெரிய வேண்டிய இடத்தில் வெளிறிய பொருக்கு தெரிந்தால் வேறு சோதனையே வேண்டாம். ரேடியேட்டர் பட்டறையில் மேல்தொட்டியைப் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அதே நேரத்தில் எஞ்சின் பிளாக்கில் உள்ள வடிகுழாயையும் திறந்துவிடுங்கள். பெரும்பாலும் ஒரு சொட்டும் வராது. உள்ளே சேறு இறுகியிருக்கும். கம்பியால் குத்திக் கிளறி, தெளிந்த நீர் வரும்வரை அலச வேண்டும். ரேடியேட்டரை மட்டும் சுத்தம் செய்து பிளாக்கை விட்டுவிட்டால் அந்தச் சேறு புதிதாகச் சுத்தம் செய்த ரேடியேட்டருக்கே வந்து சேரும். பிறகு டிஸ்டில்டு வாட்டரில் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். கோவைக்கு வரும் சிறுவாணிக் குடிநீர்கூட வேண்டாம்.

மெக்கானிக்கிடம் போக வேண்டிய அறிகுறிகள்: எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டரில் ஓயாமல் குமிழி, ஆயில் அளவுக் கம்பியில் மோர் போன்ற கலங்கல், சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூட அனுமதிக்காதீர்கள். ஹெட் வளைந்திருக்கிறதா என்று மட்டக்கோல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்திருந்தால் முகம் சீவ வேண்டும். கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை. பம்ப் மோட்டார் செய்து பழகிய கைகள், வேலை சுத்தமாக இருக்கும்.

## அறிகுறி: புகை

கறுப்பு: பெட்ரோல் அதிகம். சோக் முழுவதும் திரும்புகிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, ஃப்ளோட் ஊசி மூடுகிறதா என்று பாருங்கள். நீங்களே சரிசெய்யலாம்.

நீலம்: ஆயில் எரிகிறது. எப்போது வருகிறது என்பதில்தான் செலவு இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் வந்து நின்றுவிட்டால், அல்லது மலையிறங்கி ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு வீச்சு வந்தால் வால்வு கைடும் சீலும். ஹெட் வேலையோடு முடியும். மேடு ஏறும்போதெல்லாம் தொடர்ந்து வந்தால் ரிங். எஞ்சினை இறக்கிச் சிலிண்டர்களைக் கடைய (போர் அடிக்க) வேண்டியிருக்கலாம்.

உறுதிசெய்ய கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பாருங்கள். நான்கும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளந்தால் ஏறுகிறதா? ரிங். ஏறவில்லையா? வால்வு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் குறைந்திருக்கிறதா? நடுவில் கேஸ்கெட். இந்த எண்களை எழுதி வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

வால்வு பற்றி ஒரு செய்தி. இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தது. வால்வு இருக்கைக்கு அந்த ஈயம் பாதுகாப்பாக இருந்தது. 2000ஆம் ஆண்டோடு நாடு முழுவதும் ஈயம் நின்றுவிட்டது. அதன் பிறகு ஓடிய வண்டியில் எக்சாஸ்ட் வால்வு கொஞ்சம் கொஞ்சமாக ஹெட்டுக்குள் இறங்கும். டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் நெம்புக்கும் நடுவே உள்ள இடைவெளி) வைத்த பிறகும் திரும்பத் திரும்ப இறுகிக்கொண்டே போவதுதான் அடையாளம். எப்படியும் ஹெட்டைக் கழற்றுகிறீர்கள் என்றால் கடினப்படுத்திய சீட் வளையம் போட்டுவிடுங்கள்.

## அறிகுறி: ஆயில் விளக்கு அணையவில்லை

ஓடும்போது எரிந்தால் அடுத்த பங்க் வரை போகலாம் என்று எண்ணாதீர்கள், அங்கேயே எஞ்சினை அணையுங்கள். ஆயில் மட்டம் பாருங்கள். மட்டம் சரி, ஆயிலும் சரியான வகை, சூடான பிறகு ஐடிலில் மட்டும் மினுக்குகிறது என்றால் பிரஷர் ஸ்விட்சாக இருக்கலாம். மெக்கானிக்கிடம் சொல்லிக் கேஜ் மாட்டி அளக்கச் சொல்லுங்கள். அடியில் "கடகட" என்று சத்தமும் சேர்ந்தால் பேரிங். வண்டியை ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

## அறிகுறி: கியர் விழவில்லை

ஸ்டியரிங்கோடு சேர்ந்த கியர் உள்ள வண்டி நடுவில் பூட்டிக்கொண்டால் பதற வேண்டாம். எஞ்சினை அணைத்து, பானெட்டைத் திறந்து, ஸ்டியரிங் தண்டின் அடியில் உள்ள இரண்டு கியர் நெம்புகளையும் கையால் நேர்படுத்தி நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். இது அடிக்கடி நடந்தால் இணைப்புப் புஷ்கள் தேய்ந்துவிட்டன. மலிவான வேலை.

எஞ்சின் அணைந்திருக்கும்போது விழுகிறது, ஓடும்போது உறுமுகிறது என்றால் கிளட்ச் பிளேட் ஃபிளைவீலோடு ஒட்டியிருக்கிறது. நெடுநாள் நின்ற வண்டிகளில் சாதாரணம். கிளட்ச் முழுவதும் இயங்குகிறதா என்று பாருங்கள். பிறகும் விடவில்லை என்றால் மெக்கானிக்.

## அறிகுறி: பிரேக்

இந்தப் பகுதியில் மட்டும் வரிசை மாறுகிறது. எஞ்சின் உயிர்பெற்ற மகிழ்ச்சியில் ஊரைச் சுற்றக் கிளம்புமுன் பிரேக் வேலை முடிந்திருக்க வேண்டும். பழைய மாடல்களில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று. ஒரு சக்கரத்தில் கசிந்தால் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் இல்லை. இதை நன்றாக மனதில் பதிய வையுங்கள். வீட்டுக் குழந்தைகள் ஏறப்போகும் வண்டி அது.

### மிதி பஞ்சுபோல் உள்வாங்குகிறது, பம்ப் செய்தால் ஏறுகிறது

குழாயில் காற்று, அல்லது ஷூ இடைவெளி அதிகம். இடைவெளி சரிசெய்து, டாட் 3 திரவம் விட்டு, தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்கிக் காற்றை வெளியேற்றுங்கள்.

### மிதியை அழுத்திப் பிடித்தால் மெல்ல மெல்ல இறங்குகிறது

வெளியில் கசிவு இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் போய்விட்டது. இருந்தால் டிரம்மைக் கழற்றி வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விரலால் தூக்கிப் பாருங்கள், ஈரம் இருக்கும். டிரம் தூசியை வாயாலோ கம்ப்ரசராலோ ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

### ஒரு பக்கம் இழுக்கிறது, அல்லது மிதியை விட்ட பிறகும் சக்கரம் பிடித்துக்கொண்டிருக்கிறது

முதலில் ஷூவில் ஆயில் அல்லது கிரீஸ் பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ரப்பர் ஹோஸ். வெளியே நன்றாகத் தெரியும், உட்பக்கம் உப்பி வழியை அடைத்திருக்கும். திரவம் போகும், திரும்பாது. வயது தெரியாத ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றுவதே நல்லது.

அடைப்பைச் சுத்தம் செய்வது, ஷூ மாற்றுவதுவரை கைப்பழக்கம் உள்ளவர் செய்யலாம். சிலிண்டர் உட்சுவரில் பள்ளம் விழுந்திருந்தால், இரும்புக் குழாய் துருவேறியிருந்தால் பிரேக் வேலையே செய்யும் பட்டறையை அழையுங்கள். அதுவரை வண்டி தன் சக்கரத்தில் சாலைக்கு வரக் கூடாது, லாரியில் ஏற்றிச் செல்லுங்கள். நீங்களே செய்து முடித்தாலும் முதல் ஓட்டத்துக்கு முன் வேறொருவர் கண்ணால் சரிபார்க்க வேண்டும் என்பது என் கண்டிப்பான விதி.

டயர் பூ தேயாமல் இருந்தாலும் ஏமாற வேண்டாம். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பத்து வருடம் தாண்டியிருந்தால், பக்கச் சுவரில் வெடிப்பு ஓடியிருந்தால் ஐந்தையும் மாற்றுங்கள்.

## அறிகுறி: விளக்கு மங்கல், சார்ஜ் ஏறவில்லை, கருகல் வாடை

கருகல் வாடை என்றால் உடனே பேட்டரி வயரைக் கழற்றுங்கள். எலி கடித்த வயரிங்கில் டேப் சுற்றி ஒப்பேற்றக் கூடாது. முழு வயரிங்கையும் மாற்றுவது ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை. மற்றபடி மங்கலுக்குப் பெரும்பாலும் எர்த் காரணம், சார்ஜ் விளக்கு எரிவதற்கு ஃபேன் பெல்ட் காரணம். பெல்ட் சரி என்றால் டைனமோ பிரஷ்.

## அறிகுறி: பெயிண்ட் உப்பியிருக்கிறது

நம் ஊர் வறண்ட காற்று பாடிக்கு நல்லது. ஆனால் வண்டி நின்ற இடத்தைக் கேளுங்கள். யூரியா மூட்டையும் பொட்டாஷ் மூட்டையும் அடுக்கிய சாளையில் நின்றிருந்தால் தரைத்தகடு அரித்திருக்கும். கால்மிதி விரிப்பைத் தூக்கி, கதவடிப் பெட்டி, ஜாக் வைக்கும் இடம், ஸ்பிரிங் மாட்டும் இடம் எல்லாவற்றிலும் ஸ்குரூடிரைவர் முனையால் அழுத்திக் குத்துங்கள். முனை உள்ளே போனால் அந்த இடம் வெறும் பெயிண்டால் நிற்கிறது.

வெளித்தகட்டுத் துரு என்றால் அவசரமில்லை. ஜாக் இடமும் ஸ்பிரிங் இடமும் போயிருந்தால் டிங்கர் வேலைக்குத்தான் முதல் பணம். எஞ்சினுக்கு அல்ல. ஓட்டையில் பட்டி பூசி மூடுகிற டிங்கரிடம் கொடுக்காதீர்கள். வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்பவர் வேண்டும். வேலை நடக்கும்போது, பெயிண்ட் அடிக்குமுன், ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். நிறத்தை மாற்றுவதும் மாற்றாததும் உங்கள் விருப்பம். எங்கள் வீட்டில் அப்புச்சி ஓட்டிய அதே நிறத்தைத்தான் அடித்தோம். கதவுக் கைப்பிடிக்குக் கீழே அவர் மோதிரம் உரசிய கீறலை நிரப்ப வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். பெயிண்டர் அதைச் சுற்றி மெருகேற்றித் தந்தார்.

## அறிகுறி: வண்டி ஓடுகிறது, ஆர்.சி. ஓடவில்லை

கடைசியில் கவனிக்கலாம் என்று விட்டுவிட்டு எல்லா வேலையும் முடிந்த பிறகு தவிப்பவர்கள் பலர். பாடியில் பணம் போடுமுன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

உரிமையாளர் காலமாகி ஆர்.சி. (பதிவுச் சான்று) இன்னும் அவர் பெயரிலேயே இருந்தால் வாரிசு படிவம் 31 மூலம் பெயர் மாற்ற வேண்டும். வாரிசுகள் பலர் என்றால் மற்றவர்களின் சம்மதத்தை இப்போதே எழுதி வாங்குங்கள். வண்டி பளபளத்த பிறகு கேட்டால் பேச்சு வளரும்.

பதிவுக்காலமான 15 வருடம் கடந்த வண்டிக்குப் படிவம் 25 கொடுத்து, வண்டியை ஆய்வுக்குக் காட்டி, ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். எஞ்சின் எண், சேசிஸ் எண் இரண்டையும் துடைத்து, ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். டீசல் எஞ்சின் மாற்றிய அம்பாசடர்கள் நம் பக்கம் நிறைய. மாற்றியது ஆர்.சி.யில் ஏறாமல் இருந்தால் ஆய்வில் நின்றுவிடும். அப்போது வாகனப் பதிவு தெரிந்த ஆலோசகர் ஒருவர் வேண்டும்.

50 வருடம் கடந்த வண்டி என்றால் 2021ஆம் ஆண்டு வந்த விண்டேஜ் விதிகளின்கீழ் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். எஞ்சினும் சேசிஸும் பாடியும் மூல வடிவில் இருக்க வேண்டும் என்பதால் எஞ்சின் மாற்றிய வண்டிக்கு இந்த வழி அடைபட்டுவிடும். அன்றாடம் ஓட்டவும் முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் நிரப்புவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் அனுமதி. குலதெய்வக் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் ஓட்ட நினைப்பவர்கள் சாதாரணப் புதுப்பித்தலிலேயே இருங்கள்.

இன்சூரன்ஸும் ஆர்.சி.யும் கைக்கு வரும்வரை சோதனை ஓட்டமெல்லாம் தோட்டத்து வண்டித் தடத்தோடு இருக்கட்டும்.